பன்னிரண்டுக்கு முன்னால்

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
பொறுப்பேற்கும் பெரியவர்.
பணிமனையில், உணவு இடைவேளையில்,
கிரீஸ் விரலால் கையெழுத்துப் போட்டேன்.
படிக்காமல் போட்டேன் என்று சொல்ல வழியில்லை.
நாலு பக்கமும் படித்தேன்.
ஏழாம் விதியை இரண்டு முறை.

தெமூக்கோவிலிருந்து சிலோவே தீவுக்கு
பதினேழு பிள்ளைகள், ஒரு மினிபஸ்.
ஓட்டுவதற்கு நான்.
எதையும் மறக்காமலிருக்க யாஸ்னா டீச்சர்.
ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்.
ஃபெர்ரியில் ஏறும்போதும் இறங்கும்போதும்
வரிசையாகச் சொல்லிவிட வேண்டும்.
பதினொன்று, உலீசெஸ்.
பன்னிரண்டு, என் மகள்.
'அப்பா' என்று கூப்பிடவில்லை அவள்,
'சார்' என்றாள்
சிரிப்பைக் கடித்துக்கொண்டு.

லின்குவே ஊர்க்கூடத்தின் கூரை ஒழுகுகிறது.
உளுத்த மரச்சில்லுகளை மாற்ற வந்திருக்கிறோம்,
மீன்செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாக.
ஏணிக்கடியில் அண்ணாந்து நின்றே கழுத்து மரத்தது.
யார் ஹெல்மெட்டைக் கழற்றியது
யாருக்கு வேர்க்கடலை ஆகாது
யார் அழுதுவிட்டு முகம் கழுவி வருவது
எந்தப் பிள்ளையோடும் கதவடைத்த அறையில்
நான் இருந்துவிடக் கூடாது
என்று நாள் முழுக்கக் கண்ணாகவே இருப்பது
எஞ்சினைப் பிரித்துக் கோர்ப்பதைவிடக் களைப்பு.

அந்தக் களைப்பைத்தான் பிறகு சாக்காகச் சொல்லப் பார்த்தேன்.

மூன்றாம் இரவு தோன் ஹெரிபெர்த்தோ
ஒரு ஜாடி ஆப்பிள் சிச்சா கொண்டுவந்தார்.
டீச்சர் நன்றி சொல்லித் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.
எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது.
வீட்டுக்காரர் நீட்டுகிறார், மறுத்தால் என்ன நினைப்பார்?
ஒன்று.
அந்த ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று.
அவர் குடிக்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.
கதவோரம் பன்னிரண்டு நின்றதை மட்டும்
கவனித்தேன்.

இரவு ஒன்று பத்து.
பதினொன்றின் நெஞ்சில் விசில்.
ஆரஞ்சுப் பையிலிருந்து இன்ஹேலரை
இருட்டிலேயே எடுத்தார் டீச்சர்.
நாலு முறை அழுத்தியும் மூச்சு இறங்கவில்லை.
காஸ்த்ரோ மருத்துவமனை முப்பத்தொரு கிலோமீட்டர்.
சாவி என் சட்டைப்பையில்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் வாய் திறக்கவில்லை,
திறந்தால் வாடை சொல்லிவிடும்.

வெளியே ஏதோ டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது நின்றது.
மூன்று இரவாகக் கேட்கிறேன்,
தளர்ந்த ஜன்னல் என்றிருந்தேன்.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கூரைமேல்
பிள்ளைகள் கோணலாய் அறைந்த ஆணிகளைப் பிடுங்கி
மறுபடி அறைந்துகொண்டிருந்திருக்கிறார் ஹெரிபெர்த்தோ.
இறங்கி வந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
கையை நீட்டினார்.
சாவியைக் கொடுத்தேன்.

டீச்சர் பதினாறு பேரோடு நின்றுகொண்டார்.
பின் இருக்கையில் உலீசெஸை நிமிர்த்திப் பிடித்தபடி
அவன் மூச்சை எண்ணிக்கொண்டு போனேன்.
முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்
அவன் மீது என் வாடை படக் கூடாதென்று.
அவ்வளவுதான் நான் செய்தது.

'பொறுப்பாளர் யார்?' என்றாள் நர்ஸ்.
மறுபடி ஒரு கட்டம்.
இந்த முறை பேனா எழுத மறுத்தது, உதறி உதறி எழுதினேன்.

விடியுமுன் அவன் அம்மா பேசினாள்.
ஆக்சிஜன் கொடுத்திருக்கிறார்கள், தூங்குகிறான் என்றேன்.
'நல்லவேளை, வண்டியோட நீங்க இருந்தீங்க' என்றாள்.
நான் ஓட்டவில்லை என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஏதாவது பொய் வந்திருக்கும்.
கேட்காததால் சொன்னேன்.
அந்தப் பக்கம் நெடுநேரம்
கெட்டில் கொதிக்கும் சத்தம்.

காலை. மழை. கூடத்துக்குள் வரிசை.
எட்டு, ஒன்பது, பத்து.
பிறகு பதினொன்றுக்கு உண்டான நேரம்.
யாரும் அதைத் தாண்டவில்லை.
இன்னும் மாற்றாத வடமூலையிலிருந்து
ஒரு சொட்டு விழுந்தது வாளிக்குள்.

என்னைப் பார்க்காமல்
பன்னிரண்டு என்றாள் என் மகள்.